மலையை வலப்பக்கம் வெச்சு ஒரு பார்சல்

உங்க போன்ல ஒரு குட்டி வண்டிப் படம் நகருமே, நகர்ந்து நகர்ந்து திடீர்னு ஒரே இடத்துல நின்னுக்கும், நீங்களும் அதை முறைச்சுக்கிட்டே உக்காந்திருப்பீங்களே, அந்த வண்டி நான்தாங்க.

வீட்டுக்குள்ள ஃபேன் கீழ உக்காந்து நீங்க படற அவஸ்தையை, வெளிய வெயில்ல நின்னுக்கிட்டு நான் படறேன். "இதோ வந்துடுச்சு"ன்னு அந்த ஆப் உங்ககிட்ட பொய் சொல்றப்போ, என்கிட்ட "ஏற்கனவே லேட்டு"ன்னு தனியா ஒரு பொய் சொல்லிக்கிட்டு இருக்கும். அதனால நீங்களும் நானும் ஒரே கட்சி. கட்சிக்காரங்ககிட்ட மனசு விட்டுப் பேசலாம்ல?

என்னைப் பத்திச் சொல்ல ஜாஸ்தி ஒண்ணும் இல்லை. இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷத்துல நானும் காலேஜும் மனசொத்துப் பிரிஞ்சுட்டோம். அப்புறம் ஒரு செல்போன் கடை, ஒரு லாட்ஜு, ஒரு ஜெராக்ஸ் கடை. எங்கயுமே சேர் சூடாகறதுக்குள்ள எழுந்துடுவேன். இந்தப் பார்சல் வேலையில சேரே கிடையாது. பைக் சீட்டுதான், அது எப்பவும் சூடாதான் இருக்கும். அதனாலயோ என்னவோ தங்கிட்டேன்.

திருவண்ணாமலையில வேங்கிக்கால் பக்கம், கலெக்டர் ஆபீஸ் தாண்டி, புதுசா கட்டின வீடுங்க நடுவுல ஒரு ஷட்டர் போட்ட ரூம்தான் எங்க பிராஞ்ச். கஸ்தூரி அக்கா இன்சார்ஜ். சின்ன வயசுல போலியோ வந்து ஒரு கால் சரியா வராது. பின்னாடி ரெண்டு பக்கமும் கூடுதல் சக்கரம் வெச்ச ஸ்கூட்டியில வருவாங்க. "ஒனக்கு ரெண்டு சக்கரம், எனக்கு நாலு. யாருடா பெரிய ஆளு?"ன்னு கேப்பாங்க. லோடு ஆட்டோ ஓட்டறவரு பாஷா பாய். நான் பைக். இன்னும் சில பசங்க வருவாங்க, போவாங்க. நானும் போயிடுவேன்னுதான் அக்கா தினமும் எதிர்பார்ப்பாங்க. "இன்ஜினியரு, இன்னிக்கி இருக்கியா, கிளம்பறியா?" இதுதான் எனக்கு குட் மார்னிங்.

சுவத்துல வந்த கலர்

முன்னாடியெல்லாம் காலையில மூட்டை வந்து இறங்கினா அக்கா ஸ்டூல்ல உக்காந்து அட்ரஸைச் சத்தமா படிப்பாங்க. "செங்கம் ரோடு, பாய் எடு. அடி அண்ணாமலை, இன்ஜினியரு எடு." டீ ஆறறதுக்குள்ள முடிஞ்சுடும். ஒரு நாள் சென்னையில இருந்து ரீஜனல் சார் வந்தாரு. இஸ்திரி கலையாத சட்டை, நல்ல மனுஷன், மூச்சு விடாம பேசுவாரு. எங்க போன்லயெல்லாம் ஒரு ஆப்பைப் போட்டாரு. சுவத்துல ஒரு டிவியை மாட்டினாரு. இனிமே யாரு எந்த வழியில போகணும்னு ஆப்பே கோடு போட்டுக் காட்டும். கோட்டை விட்டு விலகினா தெரியும், எங்கயாவது நின்னா தெரியும், எல்லாம் சென்னையில ஸ்கிரீன்ல ஓடும். பிராஞ்ச் ஒழுங்கா இருந்தா டிவி பச்சை, சுமார்னா மஞ்சள், மோசம்னா செவப்பு. "இது வெறும் மேப் இல்லம்மா. நீங்க ஓட்ட ஓட்ட, தானாவே கத்துக்கும்"னு சொந்தப் புள்ளையைப் பத்திப் பேசற மாதிரி பெருமையாச் சொல்லிட்டுப் போனாரு.

டிவியைப் போட்டதுல இருந்து செவப்பு. பார்சல் எல்லாம் வீடு போய்ச் சேருது, யாரும் குறை சொல்லலை, ஆனா செவப்பு. ஏன்னா ஆப் போட்ட கோட்டுல நாங்க ஒருத்தரும் போகலை. ஏன் போகலைன்னு அப்புறம் சொல்றேன். கொஞ்ச நாள்ல சார் போன் பண்ணாரு. கார்த்திகை தீபத்துக்குள்ள பச்சை வரலைன்னா இந்த பிராஞ்சை மூடிட்டு வேலூரோட சேத்துடுவாங்களாம். அக்காவுக்கு வேலூர்ல வேலை உண்டாம். வேலூர் பஸ் படி எவ்ளோ உசரம்னு உங்களுக்கும் தெரியும். அந்தக் காலை வெச்சுக்கிட்டு தினமும் ஏறி, கூட்டத்துல நின்னு, இறங்கி, மறுபடி சாயங்காலம் ஏறி. வேலையை விட்டுடுங்கன்னு சொல்றதைத்தான் அவங்க கொஞ்சம் மரியாதையாச் சொல்லியிருக்காங்க.

அக்கா போனை வெச்சுட்டு டிவியையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. எனக்கே ஜோக்கு வரலைன்னா பாத்துக்கோங்க. கடைசியில அவங்களே சொன்னாங்க: "செவப்பு நல்ல கலருதான்டா. பட்டுப்புடவையில இருக்க வேண்டியது, தெரியாம சுவத்துல ஏறிடுச்சு."

நான் மலை உச்சியில இருந்தப்போ

மலையை ஒட்டி இருக்கற ரோட்டுல சிக்னல் சரியா கிடைக்காது. சிக்னல் கிடைக்கலைன்னா சும்மா இருக்கணும்ல? அந்த ஆப் இருக்காது. வாய்க்கு வந்த இடத்துல நம்மளைத் தூக்கி வெச்சுடும். அடி அண்ணாமலையில ஒரு டீக்கடைக்காரருக்கு மிக்சி ஜார் எடுத்துக்கிட்டுப் போயிட்டு இருந்தேன். வழியில போன். "தம்பி, இன்னா நீ மலை மேல கீற? அங்க ஏற உடமாட்டாங்களே!" நான் கீழ செங்கம் ரோட்டுல இருக்கேண்ணேன்னா நம்ப மாட்டேங்கறாரு. "பொய் சொல்லாத. எனக்கு போன்ல நல்லாத் தெரியுது. உச்சிக்குக் கொஞ்சம் கீழ கீற. அப்படியே நில்லு, வழுக்கும்."

நான் போய்ச் சேர்ந்தப்போ கடையே வெளிய நிக்குது. டீ குடிக்க வந்தவங்க, பஸ்ஸுக்கு நின்னவங்க எல்லாம் நெத்தியில கையை வெச்சு மலையை அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்காங்க. நான் பின்னாடி போய், "அண்ணே, ஜாரு"ன்னேன். எல்லாரும் திரும்பிப் பாத்த பார்வை இருக்கே, வானத்துல இருந்து குதிச்சவனைப் பாக்கற மாதிரி. நான் மலைக்கே போகலைன்னு எவ்ளோ சொல்லியும் யாரும் காதுல வாங்கலை. டீக்கடைக்காரர் சம்சாரம் மட்டும் சூடா ஒரு டீயைக் கையில குடுத்து, குரலைக் கம்மி பண்ணிக் கேட்டாங்க: "மேல இருந்து பாத்தியே தம்பி, எங்க வூட்டுல எந்த ஓடு ஒடைஞ்சுகீதுன்னு தெரிஞ்சுதா? மழைக்கு ஒழுவுது."

எதிர்ப்பக்கம் போன நாள்

இப்போ அந்தக் கோட்டுக் கதை. எங்க ஊர்ல மலையை எல்லாரும் ஒரே பக்கமாத்தான் சுத்துவாங்க. மலை நம்ம வலது கைப் பக்கம் இருக்கணும். அது கிரிவலம் போறவங்களுக்குன்னு நீங்க நினைப்பீங்க. கிரிவலத்துக்கு நடந்து நடந்து பழகின காலு, பைக்ல உக்காந்தாலும் அதே பக்கம்தான் திரும்பும். எங்க பிராஞ்ச்ல எல்லாருமே லோடு எடுத்துக்கிட்டு ஊருக்குள்ள போய், கோயிலைத் தாண்டி, தெக்கால போய், மலையைச் சுத்தி வடக்கால வந்து சேருவோம். பாஷா பாயும் அப்படித்தான். கேட்டா, "ஊரே ஒரு பக்கமா வருது, நான் மட்டும் எதிர்ல போய் ஒவ்வொருத்தர் மூஞ்சிக்கும் ஹாரன் அடிக்கணுமா?"ம்பாரு. ஆனா வேங்கிக்கால்ல இருந்து அடி அண்ணாமலைக்கு வடக்கால போனா கிட்ட. ஆப்புக்கு கிட்டத்தான் தெரியும். அது தினமும் வடக்கால கோடு போடும், நாங்க தினமும் தெக்கால போவோம், டிவி தினமும் செவக்கும்.

எனக்குத் தாங்கலை. அக்காவுக்காக ஒரே ஒரு நாள் மெஷின் பேச்சைக் கேட்டுப் பாக்கலாம்னு வடக்கால வண்டியை விட்டேன். ரோடு நல்ல ரோடு, ஒரு தப்பும் இல்லை. தப்பு அட்ரஸ்ல இருந்துச்சு. மலை சுத்தற ரோட்டுல வரிசையா வர்ற லிங்கக் கோயிலுங்களை அடையாளமா வெச்சு, எங்க ஊர்க்காரங்க அட்ரஸ் எழுதறதும் நடந்து வர்ற மாதிரிதான். "லிங்கம் தாண்டி, இடது கைப் பக்கம் ரெண்டாவது சந்து, வேப்பமரத்து வீடு." ஊர் வர்ற பக்கமா வந்தா கண்ணை மூடிக்கிட்டுப் போயிடலாம். நான் எதிர்ல வர்றேன். புடவைப் பார்சலோட லிங்கம் தாண்டினேன். இடது பக்கம் திரும்பினா மலை நிக்குது. மலைக்கு யாரு புடவை ஆர்டர் பண்ணா? சரி, வலதைத்தான் இடதுன்னு மாத்தி எழுதிட்டாங்கன்னு வலது பக்கம் ரெண்டாவது சந்துல நுழைஞ்சேன். வேப்பமரம் இருந்துச்சு. எங்க ஊர்ல எந்தச் சந்துல இல்லை? அந்தப் புடவையை அனுப்பினது பெங்களூர்ல இருக்கற ஒரு பையன், அவங்க அம்மாவுக்கு. போன் பண்ணேன். "நான் மீட்டிங்ல இருக்கேங்க, ஓடிபி சொல்றேன், அம்மாகிட்டக் குடுத்துடுங்க"ன்னான். வாசல்ல மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்த அம்மாகிட்ட, "உங்க பையன் அனுப்பியிருக்காரும்மா"ன்னு குடுத்தேன். அவங்க ஈரக் கையைப் புடவையில ரெண்டு தரம் துடைச்சுட்டுத்தான் வாங்கினாங்க.

சாயங்காலம் பிராஞ்சுக்கு வந்தா டிவி மஞ்சள். எங்களுக்கெல்லாம் மஞ்சளே அன்னிக்கி தீபாவளி. என் பேர் பக்கத்துல மட்டும் பச்சையே வந்திருந்துச்சு. பாய் என்னைத் தூக்கிச் சுத்தாத குறை. அந்த நேரம் பெங்களூர்ப் பையன் போன் பண்றான், "அம்மாவுக்குப் புடவை வரலையே"ன்னு. ஆப்ல பாத்தா எல்லாம் சரியாத்தான் இருக்கு. கோடு விலகலை, நேரம் தவறலை, ஓடிபி சரி. லிங்கத்துக்கு முன்னாடியே வந்த சந்தை விட்டுட்டு, தாண்டிப் போய் நுழைஞ்சதுல வீடு ஒண்ணுதான் தப்பு, அதைக் கேக்கறதுக்கு அந்த ஆப்ல இடம் இல்லை. வாரக் கடைசி வரைக்கும் இப்படியே ஓட்டினா பிராஞ்ச் பச்சையாயிடும்க்கா, மாறிப்போறதை அப்புறமாப் பாத்துக்கலாம்னு நான்தான் மெதுவா சொன்னேன். அக்கா வெளிய அவங்க ஸ்கூட்டி நின்ன பக்கம் ஒரு தரம் பாத்தாங்க. அப்புறம் என்னைப் பாத்தாங்க. "வீடு மாறிப் போய் பச்சையா இருக்கறதுக்கு, வீடு சரியாப் போய் செவப்பாவே இருந்துட்டுப் போறோம். நாளையில இருந்து நீ ஊர்ப் பக்கமாவே சுத்து."

புடவையைத் திருப்பி வாங்கினது

மறுநாள் ஆப்ல ரிட்டர்ன்னு பதிஞ்சுட்டு, அந்த வேப்பமரத்து வீட்டுக்குத் திரும்பப் போனேன். குடுத்ததைத் திருப்பிக் கேக்கறது மாதிரி ஒரு கேவலம் இந்தத் தொழில்ல வேற இல்லை. வாயாடின்னு பேர் வாங்கினவன், வாசல்ல நின்னு "அது வந்தும்மா"ன்னு மென்னுக்கிட்டு இருந்தேன். அந்தம்மா பேரு பச்சையம்மா. பையன் திருப்பூர்ல கம்பெனி வேலை. போனவன் போன் பண்றதும் கம்மியாயிட்டே வருதாம். நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள அவங்களே உள்ள போயி புடவையை எடுத்துக்கிட்டு வந்தாங்க. கட்டலை. மடிப்புக் கூட கலையலை. சாமிப் படத்துக்கு முன்னாடி வெச்சிருந்திருக்காங்க, மேல ஒரு பூ ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அந்தப் பூவை மட்டும் எடுத்து அவங்க தலையில வெச்சுக்கிட்டு, புடவையை என்கிட்ட நீட்டினாங்க.

"மன்னிச்சுக்கோங்கம்மா, என் தப்புதான்"னேன். அதுக்கு அவங்க: "இன்னா தப்பு கண்ணு? மயில் கழுத்துக் கலரு எனக்கு ஆவாதுன்னு எம்புள்ளைக்கு நல்லாத் தெரியும். பிரிச்சப்பவே இது அவன் அனுப்பினது இல்லன்னு புரிஞ்சுபோச்சு, இருந்தாலும் ஒரு ராத்திரி இருக்கட்டுமேன்னு வெச்சிருந்தேன்."

வண்டி ரிப்பேர்

பாஷா பாய்க்கு வேற மாதிரி பிரச்சனை. ஊருக்கு வெளிய ஒரு கிராமத்துல சமணக் குடும்பத்து வாத்தியார் ஒருத்தர் இருக்காரு, ரிட்டயர்டு ஆனவரு. பொழுது சாஞ்சா சாப்பிட மாட்டாங்க அவங்க. சம்சாரம் போனதுக்கு அப்புறம் தனியா சாப்பிடவும் அவருக்குப் பிடிக்கலை. அதனால வெயில் இருக்கறப்பவே இலையைப் போட்டு வெச்சுக்கிட்டு, பார்சல் கொண்டாந்த பாயைப் பிடிச்சு உக்கார வெச்சுடுவாரு. பாய்க்கும் மறுக்க மனசு வராது. ரெண்டு பேரும் பேசிக்கிட்டே சாப்பிடுவாங்க. பேச்சு என்ன பெரிய பேச்சு, மழை வந்துச்சா, மணிலாக் கடலை விலை என்னன்னுதான். பார்சலுக்குள்ள என்ன இருக்கும்னு பாத்தா ஒரு பேனா ரீஃபில் இருக்கும். சாப்பாட்டுக்கு ஆள் வேணும்னுதான் அவரு ஆர்டரே போடறாருன்னு பாய்க்கு ஒரு சந்தேகம்.

கொஞ்ச நேரம் வண்டி நின்னாலே ஆப் கத்தும்: ஏன் நிக்கற? பதில் சொல்ல மூணே மூணு பட்டன்தான். டிராஃபிக். கஸ்டமர் வீட்டில் இல்லை. வண்டி ரிப்பேர். கஸ்டமர் சோறு போடறாருன்னு ஒரு பட்டன் இல்லை. அந்தக் கிராமத்துல டிராஃபிக்னா சென்னையில சிரிப்பாங்க. கஸ்டமர் இல்லைன்னா பார்சல் திரும்பிடும். பாய் யோசிச்சு யோசிச்சு மூணாவதை அமுக்குவாரு. தொடர்ந்து ஒரே இடத்துல வண்டி ரிப்பேர் ஆகறதைப் பாத்துட்டு, ஒரு நாள் சென்னைக்காரங்க நிஜமாவே போளூர்ல இருந்து ஒரு மெக்கானிக்கை அனுப்பிட்டாங்க. மெக்கானிக் டூல்ஸ் பெட்டியோட வந்து ஆட்டோவுக்குக் கீழ படுத்து, மேல ஏறி, ஓட்டிப் பாத்து, தலையைச் சொறிஞ்சான். வாத்தியார் அவனையும் விடலை, கையைக் கழுவச் சொல்லி இலையைப் போட்டுட்டாரு. சாப்பிட்டு முடிச்சு அவன் போனை எடுத்துக்கிட்டுப் பாய்கிட்ட ரொம்ப சீரியஸாக் கேட்டான்: "இன்னா ரிப்பேர்னு எழுதறது பாய்? ரசத்துல உப்பு கம்மின்னு எழுதட்டா?"

பௌர்ணமி அன்னிக்கி

பௌர்ணமின்னா மத்தியானத்துல இருந்தே மலை சுத்தற ரோட்டுல வண்டியை விடமாட்டாங்க. பார்சல் அதைக் கேக்குமா? முதுகுல மூட்டையைக் கட்டிக்கிட்டு கூட்டத்தோட கூட்டமா நடந்துதான் டெலிவரி. சுத்தி எல்லாரும் வெறுங்காலோட நடக்கறப்போ நான் மட்டும் ஷூ போட்டுக்கிட்டு நடக்க ஒரு மாதிரி இருந்துச்சு, அதையும் கழட்டி மூட்டையில போட்டுக்கிட்டேன். வெயில் சாயற நேரம், செங்கம் ரோட்டுல இருந்து திரும்பறேன், சென்னை கன்ட்ரோல் ரூம்ல இருந்து போன். ஷாலினி மேடம். குரல் மட்டும்தான் தெரியும், மூஞ்சி தெரியாது. எங்களை விரட்டறதுக்கே சம்பளம் வாங்கறவங்க.

"ரைடர், ஏன் இவ்ளோ மெதுவாப் போறீங்க? வண்டி என்னாச்சு?" "வண்டி பிராஞ்ச்ல இருக்கு மேடம், நான் நடக்கறேன்." "ஏன் நடக்கறீங்க?" "ஊரே நடக்குது மேடம், நான் நின்னா மிதிச்சுடுவாங்க." அந்தப் பக்கம் கொஞ்சம் சிரிப்புச் சத்தம். "தினமும் உங்க பிராஞ்ச் ஆளுங்க எல்லாரும் ஆப்புக்கு எதிர்ப்பக்கமே சுத்தறீங்களே, அது ஏன்?" எங்க ஊர் அட்ரஸ் கதையெல்லாம் சொன்னேன், தாண்டி, இடது கைப் பக்கம், புடவை, எல்லாம். கேக்கக் கேக்க அவங்க குரலே மாறிடுச்சு. வீட்டுல இருந்துதான் வேலை பாக்கறாங்களாம். பக்கத்துல அவங்க அம்மா படுத்திருக்காங்க, முட்டி ஆப்பரேஷன். வருஷா வருஷம் இங்க வந்து சுத்தறவங்க, இந்த வருஷம் முடியலை. ஸ்கிரீன்ல என் புள்ளி நகர்றதை அம்மா எட்டி எட்டிப் பாக்கறாங்களாம்.

அதுக்கு மேல எனக்கு யாரும் சொல்ல வேண்டியதே இல்லாம போச்சு. ஒவ்வொரு லிங்கம் வர்றப்பவும் "வந்துடுச்சு மேடம்"னேன். நடுவுல பார்சலும் குடுத்தேன், ஓடிபியும் வாங்கினேன். அடி அண்ணாமலைக் கோயில்கிட்ட வந்தப்போ கூட்டம் கொஞ்சம் விலகிச்சு, எப்பவும் போல வேகமா எட்டு வெச்சேன். இத்தனை நாளா "சீக்கிரம், சீக்கிரம்"னு மட்டுமே விரட்டின அந்தக் குரல் மெதுவாச் சொல்லுச்சு: "ரைடர், கொஞ்சம் நின்னு போக முடியுமா? அம்மா இன்னும் கும்பிட்டு முடிக்கலை."

மெஷின் திரும்பின பக்கம்

தீபம் நெருங்கிடுச்சு. ஊர் பூரா பந்தல் கட்டறாங்க, எங்க பிராஞ்ச்ல மட்டும் அக்கா சாமானை ஒதுங்க வெக்கறாங்க. மூடறதுக்கு முன்னாடி ஒரு தரம் பாக்கணும்னு ரீஜனல் சார் நேர்ல வர்றாருன்னு போன் வந்திருந்துச்சு. நாலஞ்சு நாளா டிவியை யாரும் போடவே இல்லை. செவப்பைப் பாத்துக்கிட்டே எவ்ளோ நாள் டீ குடிக்கறது? சார் வந்தாரு. அக்கா எழுந்து நிக்கப் போனாங்க, "உக்காருங்கம்மா"ன்னாரு. அவருக்கும் மூஞ்சி நல்லா இல்லை. வந்த வேலையை முடிச்சுடலாம்னு டிவியைப் போட்டாரு.

பச்சை.

டிவி கெட்டுப்போச்சுன்னுதான் நாங்க எல்லாரும் நினைச்சோம். பாய் போய் பின்னாடி வயரை ஆட்டிப் பாத்தாரு. அப்பவும் பச்சை. சார் என் போனை வாங்கி ஆப்பைத் திறந்தாரு. அன்னிக்கி லோடுக்குக் கோடு போட்டிருந்துச்சு: வேங்கிக்கால்ல கிளம்பி, ஊருக்குள்ள போய், கோயிலைத் தாண்டி, தெக்கால திரும்பி, மலையை வலது பக்கம் வெச்சு முழுசா ஒரு சுத்து. எங்களுக்கோ பார்சல் குடுக்கற அவசரம், கோட்டைப் பாக்கறதை எப்பவோ விட்டுட்டோம். அது எப்போ திரும்புச்சோ யாருக்குத் தெரியும்? "யாரு இதை மாத்தினது?"ன்னு சார் கத்தினாரு. எல்லாரும் என்னைப் பாத்தாங்க. நான் இன்ஜினியரிங்ல பெயிலான ஆளுங்க, எனக்கு அவ்ளோ மரியாதை வேணாம்! சார் சென்னைக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சாரு. எடுத்தது ஷாலினி மேடம். "யாரும் மாத்தலை சார். ஆப் சொன்ன பக்கம் போனப்போ பார்சல் மாறிப் போச்சு, திரும்பி வந்துச்சு. அவங்க பக்கம் போனப்போ ஒண்ணு கூட திரும்பலை. நீங்கதானே சொன்னீங்க, தானா கத்துக்கும்னு? கத்துக்கிச்சு. இப்போ அவங்களோட சேந்து அதுவும் சுத்துது."

சார் நம்பலை. "வண்டியை எடு, நான் பின்னாடி உக்காந்து வர்றேன்"னாரு. கூட்டிட்டுப் போனேன். ஒவ்வொரு அட்ரஸா அவரே படிச்சாரு, "தாண்டி, இடது கை"ன்னு. ஒவ்வொரு தடவையும் வீடு டக்குனு முன்னாடி வந்து நின்னுச்சு. பாதி வழியில டீ குடிக்க நிறுத்தச் சொன்னாரு. டீ டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டே ஹெட் ஆபீஸுக்குப் பேசினாரு: "இல்ல, வேணாம். வேலூரோட சேக்க வேணாம். பிராஞ்ச் இங்கயே இருக்கட்டும், அந்தம்மாவும் இங்கயே இருக்கட்டும்." நான் அப்பவே அக்காவுக்கு போன் போட்டேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், "மீதி பார்சலைக் குடுத்துட்டு வாடா, லேட்டாயிடுச்சு பாரு"ன்னு திட்டிட்டு வெச்சுட்டாங்க.

மீதி ஒரு பார்சல்தான். திருப்பூர்ல இருந்து, பச்சையம்மாவுக்கு. புடவையைத் திருப்பி வாங்கி சரியான வீட்டுல சேத்த அன்னிக்கே, பச்சையம்மாகிட்ட அவங்க பையன் நம்பரையும் வாங்கி வெச்சிருந்தேன். போன் பண்ணித் திட்டணும்னுதான் இருந்தேன். அவன் ஹலோன்னதும் "உங்க அம்மாவுக்கு எந்தக் கலர் பிடிக்கும்னு தெரியுமாண்ணா?"ன்னு மட்டும் வாயில வந்துச்சு. "தெரியும்"னு சொல்லிட்டு வெச்சுட்டான். இப்போ அந்தம்மா மறுபடியும் ஈரக் கையை ரெண்டு தரம் துடைச்சாங்க. "இது வீடு மாறலையே கண்ணு?"ன்னு கேட்டாங்க. "பேரைப் பாருங்கம்மா"ன்னேன். சார் குனிஞ்சு அவரே படிச்சுக் காட்டினாரு. பிரிச்சாங்க. மயில் கழுத்துக் கலர். நான் கவர்ல இருந்த பேரை இன்னொரு தரம் படிச்சேன். அவங்க அதைத் தோள்ல போட்டுப் பாத்துக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சொன்னாங்க: "கலரு தப்புதான் கண்ணு. வூடு சரியா கீது."

ஆக, காலேஜை நான் பாதியில விட்டேன், அந்த மெஷின் மட்டும் எங்க பின்னாடியே மலையைச் சுத்தி ஒழுங்காப் படிச்சு பாஸாயிடுச்சு, இப்போ தினமும் காலையில எனக்கே வழி சொல்லுது, நானும் புதுசாக் கேக்கற மாதிரி தலையை ஆட்டிக்கிட்டு அதே சூடான சீட்டுல உக்காந்துட்டேன்.